டோனற்றைத் தூற்றுவோரும் பாணைப் போற்றுவோரும்

சென்ற தவணையின் இறுதியில் கலைப்பீடத்து நண்பர்கள் சிலர் கூடி நடாத்தும் மாலை நேரக் கருத்தரங்கொன்றின் முடிவில் ஒரு விவாதம் மூண்டது. அன்று ஆராயப்பட்ட பொருள் ஈழத்து நாவல். மூண்ட விவாதமோ தேநீருடன் வழங்கப்பட்ட டோனற் பற்றியது. எண்ணெயில் பொரித்துச் சீனியில் புரட்டிய இப்பண்டம் உடல்நலத்துக்குக் கேடு, படித்தவர்கள் கூடுமிடத்தில் இதனைப் பரிமாறுவதே வெட்கம், இனிமேல் வெள்ளைப் பாணும் ஜாமும் வழங்குவோம் என ஒருவர் பிரேரித்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். கைகள் உயர்ந்தன. எதிர்த்து உயர்ந்த கைகள் இரண்டே. அவற்றுள் ஒன்று என்னுடையது. “தம்பிக்கு டோனற்றிலை இன்னும் ஆசை விடேல்லைப் போலை” என்று சிரேட்ட மாணவி ஒருவர் கூற அவை நகைத்தது. “ஆசையில்லை அக்கா, கணக்குப் பிழைக்குது” என்று நான் சொன்ன மறுமொழி அந்நகைப்பில் அமிழ்ந்து போயிற்று. அன்று சொல்ல வாய்க்காத கணக்கையே ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

டோனற்றுக்காக வழக்காடுவது எனது நோக்கமன்று. பொதுவாகக் கையாளப்படும் உணவு அட்டவணைகளை நோக்குமிடத்து, 100 கிராம் வெள்ளைப் பாணில் ஏறத்தாழ 265 கிலோகலோரி சக்தியும், 9 கிராம் புரதமும், 3 கிராம் கொழுப்பும் உள்ளன. அதே நிறையுடைய டோனற்றிலோ சக்தி 400 கிலோகலோரியைத் தாண்டுகின்றது. கொழுப்பு 20 கிராமுக்கு மேல். சீனியும் ஏறக்குறைய 20 கிராம். புரதம் 5 அல்லது 6 கிராமே. நிறைக்கு நிறை வைத்து நிறுப்பின் பாணே மேலானது. ஒரே எண்ணெயைப் பலமுறை காய்ச்சிப் பொரிக்கும் கடைகளை நினைவிற் கொள்ளின் டோனற்றின் பக்கம் இன்னும் தாழும். இவ்வளவிலே வழக்கு முடிந்துவிட்டதென்று எண்ணியே அன்று கைகளை உயர்த்தினர் நண்பர்கள்.

ஆயின் வேறோர் அளவுகோலும் உண்டு. 1981ஆம் ஆண்டில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் என்பாரும் அவர்தம் சகாக்களும், மாப்பொருள் உணவுகள் குருதியிலுள்ள குளுக்கோசின் அளவை எவ்வளவு உயர்த்துகின்றன என்பதை ஒப்பிடும் சுட்டெண்ணொன்றை வெளியிட்டனர். தூய குளுக்கோசை 100 எனக் கொண்டு பின்னாளில் வகுக்கப்பட்ட சர்வதேச அட்டவணைகளில் வெள்ளைப் பாணின் இடம் சுமார் 75. டோனற்றின் இடம் 76. குற்றவாளி எனப்பட்டதும் நிரபராதி எனப்பட்டதும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன! காரணம் வியப்புக்குரியதன்று. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி நுண்ணிதாக அரைத்த மாவை நீருடன் பிசைந்து வெதுப்பும்போது, அதன் மாச்சத்து இலகுவிற் சமிபாடடையும் நிலையை அடைகின்றது. நாவில் இனிக்காவிடினும் குடலில் அது விரைந்து குளுக்கோசாகின்றது. டோனற்றிலும் அதே மாவுதான். அதிலுள்ள கொழுப்பு இரைப்பை வெறுமையாவதைச் சற்றே தாமதிக்கச் செய்கின்றது.

இதனைப் பிடித்துக்கொண்டு, “அப்படியாயின் இரண்டும் ஒன்றுதானே, டோனற்றையே தின்போம்” என வாதிடும் நண்பர்களும் எம்மிடையே உளர். ஆங்கிலச் சஞ்சிகைகளை அரைகுறையாக வாசிப்பதால் வரும் வினை இது. சுட்டெண் குருதிக் குளுக்கோசைப் பற்றி மாத்திரமே பேசும். கொழுப்பையோ மொத்தச் சக்தியையோ பற்றி அது வாய் திறவாது. ஐஸ்கிறீமின் சுட்டெண் பாணினதைவிடக் குறைவு. அதனால் எவரும் ஐஸ்கிறீமை இரவுணவாகக் கொள்வதில்லை. இவர்களது வாதத்தை இவ்வளவில் விட்டுவிடலாம்.

இரு சாராரும் மறந்த வினா ஒன்றுண்டு. எவ்வளவு உண்கின்றோம், எத்தனை நாள் உண்கின்றோம், எதனோடு உண்கின்றோம்? உணவின் மதிப்பை இவ்வினாவின்றி அளக்க முற்படுவது, கவிதையொன்றை அதன் சொற்களை எண்ணி மதிப்பிடுவதை ஒக்கும்.

வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவரின் இரவுணவை எடுத்துக்கொள்வோம். இடியப்பமும் சொதியும் உண்ணக் கை நீளாத நாட்களில், மாதத்தில் அவையே பெரும்பான்மை, அரை இறாத்தல் பாணே கதி. ஒரு பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என 2024ஆம் ஆண்டில் வர்த்தமானி மூலம் வரையறுக்கப்பட்டது. ஆகவே அரை இறாத்தலில் ஏறத்தாழ 600 கிலோகலோரியும் 110 கிராம் காபோவைதரேற்றும் அடங்கும். பாணில் உப்பு இருப்பதைப் பலர் எண்ணுவதேயில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை மட்டுப்படுத்துக என்கின்றது உலக சுகாதார நிறுவனம். அட்டவணைக் கணக்கின்படி அதிற் பாதியளவை அரை இறாத்தல் பாணே தந்துவிடக்கூடும், சம்பலில் இட்ட உப்பு வேறு. மறுபுறம், 60 கிராம் டோனற் ஒன்று தருவது 250 கிலோகலோரி. அந்த டோனற்றை மாணவன் எப்போது உண்கின்றான்? பிறந்தநாள் வந்தால், அல்லது எம்மைப் போன்றோர் கருத்தரங்கு நடாத்தினால். பாணையோ வாரத்தில் ஐந்து நாள், ஆறு நாள் உண்கின்றான். ஏழு இரவும் டோனற்றையே உணவாகக் கொள்ளும் ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை. ஏழு இரவும் பாண் உண்போர் என் அறையிலேயே இருவர் இருந்தோம்.

தீமையெனத் தெரிந்த பண்டத்தை அளந்து உண்கின்றோம். தீங்கற்றதென நம்பிய பண்டத்தை அளப்பதேயில்லை. எனது முறைப்பாடு இதுவே.

இனி, அன்று நிறைவேறிய தீர்மானத்துக்கு வருவோம். இரண்டு துண்டுப் பாண், 60 கிராம் எனக் கொள்க, 160 கிலோகலோரி. அதன்மேற் பூசிய 20 கிராம் ஜாமில் இன்னுமொரு 50 கிலோகலோரியும் ஏறக்குறைய 12 கிராம் சீனியும். டோனற்றிலுள்ள சீனியும் அவ்வளவே! எஞ்சிய வேறுபாடு எண்ணெய் ஒன்றுதான். அவ்வேறுபாடு சிறிதன்று என்பதை ஏற்கின்றேன். ஆனால் அதற்காகச் சுகாதாரத்தின் பெயரால் நெஞ்சை நிமிர்த்தித் தீர்மானம் நிறைவேற்றியது சற்று அதிகம். ஜாம் பூசிய வெள்ளைப் பாண் எண்ணெய் காணாத டோனற் என்பதே என் துணிபு.

அதே பாணைப் பருப்புக்கறியோடு உண்டால் கதை வேறு. கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகின்றது. பருப்பின் நார்ப்பொருளும் தேங்காய்ப்பூவின் கொழுப்பும் மாச்சத்தின் வேகத்தைத் தணிக்கின்றன. கொட்டாஞ்சேனையில் என் அம்மா அரை இறாத்தல் பாணுக்கு ஒரு சட்டி பருப்பு வைப்பார். அவர் உணவு விஞ்ஞானம் படித்தவரல்லர். அறையில் தங்கிய பின்னர் எமக்கு எஞ்சியது பாண் மட்டும். பருப்புக்கு அடுப்பு வேண்டும், அடுப்புக்கு வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும்.

பாண் எமது இரவுணவாக எவ்வாறு ஆயிற்று என்பதை நோக்காமல் அதனை உண்போரைக் குறை கூறுவதும் தகாது. சொல்லே போர்த்துக்கேயர் தந்தது. (டோனற்றின் மூதாதை ஒல்லாந்தரின் எண்ணெய்ப் பணியாரம் என்பர், வுல்பெண்டாலில் 1757இற் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம், இரு கட்சியினரதும் பண்டங்கள் கப்பலேறி வந்தவையே என்று எண்ணிக்கொள்வேன்.) கோதுமை இந்நாட்டின் பயிரன்று. 1954ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், பி.எல். 480 எனப்படுவது, அந்நாட்டின் மிகை தானியத்தை வறிய நாடுகளுக்கு அனுப்ப வழி வகுத்தது. அவ்வழியே எமது துறைமுகத்துக்கும் கோதுமை மா வந்திறங்கிற்று. அம்மூடைகளைச் சுமந்தவருள் என் பாட்டனாரும் ஒருவர். கைகுலுக்கும் இரு கரங்கள் பொறித்த மாச்சாக்குகளை அவர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகத் தானிய விலை ஏறியபோது, வீட்டிலிருந்த பிள்ளைகள் விடியுமுன்னரே பாண் வரிசையில் நிறுத்தப்பட்டனர். 1980இல் திருகோணமலையிற் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் மாவுக்குப் பதிலாகக் கோதுமை தானியமாக வந்தது. 1994ஆம் ஆண்டுத் தேர்தலிலோ 3 ரூபா 50 சதத்துக்குப் பாண் தருவோம் என்பதே பெரும் வாக்குறுதியாக விளங்கிற்று. சந்திரனிலிருந்தேனும் அரிசி கொண்டுவருவோம் என்று 1970இல் முழங்கிய நாட்டில், கால் நூற்றாண்டு கழிவதற்குள் வாக்குகளை ஈர்க்கும் பண்டமாகப் பாண் உயர்ந்துவிட்டமை சிந்திக்கத்தக்கது. மானியங்கள், கடன்கள், கப்பல்கள், தேர்தல்கள் ஆகிய யாவும் சேர்ந்து எமது தட்டில் வைத்த உணவு அது.

கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலே மாலையானதும் பேதோவனின் பியானோ மெட்டை ஒலித்தவண்ணம் முச்சக்கர வண்டியொன்று வரும். ‘சூன் பாண்’ வந்துவிட்டது எனச் சிறுவர் ஓடுவர். துறைமுகத்தில் உழைத்துத் திரும்பும் ஆடவருக்கும், கடைகளிலே நாள் முழுவதும் நின்று கால் வீங்கி வரும் பெண்களுக்கும், அரிசி கழுவி உலையேற்ற நேரமுமில்லை, வலுவுமில்லை. 2022ஆம் ஆண்டில் எரிவாயு இல்லாமற் போனபோது உலையேற்ற அடுப்பே இல்லை. இவர்களிடம் சென்று “பாண் கூடாது” என்று உபதேசிப்பது இரக்கமற்ற செயல். அதற்காகப் பாண் நல்லது என்று பொய்யுரைப்பதும் இரக்கமாகாது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ஆய்வொன்று 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினரிடம் நீரிழிவைக் கண்டது, கிராமப்புறத்தில் 8.7, நகர்ப்புறத்தில் 16.4. அதன்பின் வந்த ஆய்வுகள் இன்னும் உயர்ந்த எண்களையே தந்துள்ளன. இது பாணின் வேலை மட்டும் என்று நான் கூறவில்லை. தேநீர்ச் சீனியும், குறைந்துபோன நடையும், வெள்ளையரிசியும் கூட்டாளிகள். ஆயினும் நாளாந்தம் உண்ணும் ஒரு பண்டத்தை விசாரணையின்றி விடுவிக்க இந்த எண்கள் இடந்தரவில்லை.

சிறிது வசதி படைத்தோர் தவிட்டு நிறப் பாணுக்கு மாறிவிட்டனர். அவர்களது மனநிறைவையும் சற்றுக் கலைக்க வேண்டியுள்ளது. முழுக்கோதுமைப் பாணின் சுட்டெண் 74. வெள்ளைப் பாணினின்றும் ஒரு புள்ளியே வேறுபாடு. நார்ப்பொருளில் மட்டும் அது மெய்யாகவே மேலானது. 100 கிராமில் வெள்ளைப் பாண் 2.5 கிராம் தர, அது 7 கிராமளவு தருகின்றது. குரக்கனிலோ 100 கிராமுக்கு 350 மில்லிகிராமளவு கல்சியம் உண்டு. எனவே மாவிற் பாதியேனும் குரக்கனாயின் அப்பாணை மதிக்கலாம். நிறம் காட்டுவதற்காகத் தூவிய குரக்கனுக்கு அம்மதிப்பு இல்லை. எவ்வளவு கலந்தது எனக் கடையிற் கேட்டுப் பாருங்கள்; எனக்குக் கிடைத்த மறுமொழி ஒரு புன்னகை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலே, விற்றமின் சேர்த்த மாவிற் செய்தது என்ற காரணத்தைக் காட்டி ‘விற்றமின் டோனற்’ என்று டோனற்றை விளம்பரப்படுத்தினர். இன்று அதனைக் கண்டு சிரிக்கின்றோம். பாண் என்ற காரணத்தாலேயே ஜாம் பூசிய பாணைச் சுகாதார உணவென்று ஏற்ற எமது அவை அவ்விளம்பரத்தினின்று எவ்வளவு தூரத்தில் நிற்கின்றது?

ஆகவே அத்தீர்மானத்தை மீண்டும் சபைக்கு எடுக்குமாறு கோருகின்றேன். டோனற்றைத் திரும்பக் கொண்டுவருவதற்காகவன்று. காலிமுகத்திடலிலும் வெள்ளவத்தைக் கடற்கரையிலும் வண்டிலில் விற்கும் கடலையை எவரும் அறிவர். அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் சக்தி 164 கிலோகலோரி. புரதம் ஏறத்தாழ 9 கிராம், பாணுக்கு நிகர். நார்ப்பொருள் 7 கிராமுக்கு மேல். சுட்டெண் 30ஐ ஒட்டியது. ஜாமுக்கும் பாணுக்கும் ஒதுக்கிய பணத்தை இதற்கு ஒதுக்கலாம். விடுதிகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் பாணோடு ஒரு கரண்டி பருப்பு விலையின்றி வைக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே தீர்மானத்திற் சேர்க்கலாம்; அதனை எழுதி எவரிடம் கையளிப்பது என்பதை மாணவர் பிரதிநிதிகள் அறிவர்.

அடுத்த கருத்தரங்குக்குக் கடலையை ஊறவைத்து அவித்துக் கொண்டுவரும் பொறுப்பை நானே ஏற்கின்றேன். கொட்டாஞ்சேனை வீட்டில் அடுப்பு உண்டு. தேங்காய்ச் சொட்டு வெட்டவும் செத்தல் மிளகாய் தாளிக்கவும் ஒருவர் தேவை. அன்று எதிர்த்து உயர்ந்த மற்றக் கைக்கு உரியவர் முன்வருவாரென எதிர்பார்க்கின்றேன். நகைத்த அக்காவும் வரலாம்.