உழைத்தவர் பலர், கணக்கில் ஒருவர்!

2015-ம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் ‘பிஸிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ என்ற பௌதிகப் பத்திரிகையில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஹிக்ஸ் துகளின் நிறை என்ன என்பதை அதுவரை இல்லாத துல்லியத்தோடு அளந்து கூறிய கட்டுரை அது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் இரண்டு பெருங்குழுக்கள் கூட்டாக நடத்திய ஆராய்ச்சி. அதன் ஆசிரியர்கள் எத்தனை பேர் தெரியுமா? 5,154 பேர்! கட்டுரையின் 33 பக்கங்களில் 24 பக்கங்களைப் பெயர்ப் பட்டியலே பிடித்துக்கொண்டது.

விஞ்ஞானம் கூட்டு உழைப்பின் விளைவு என்று நாம் நெடுங்காலமாகக் கூறிவருகிறோம். அதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சியம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. இந்தக் கட்டுரையை நாளை வேறொரு விஞ்ஞானி மேற்கோள் காட்டினால், அந்த மேற்கோள் யார் கணக்கில் வரவு வைக்கப்படும்?

இது பண்டிதர்களின் வீண் சச்சரவு என்று தோழர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். ஒருவருடைய கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கைதான் இன்று பல்கலைக்கழகங்களில் ஆளை அளக்கும் கோலாகிவிட்டது. வேலை கிடைப்பது, வேலை நிலைப்பது, பதவி உயர்வு, ஆய்வுக்கான பணம் எல்லாவற்றிலும் இந்த எண் தலையிடுகிறது. ஆகவே இது ஆயிரக்கணக்கான ஆராய்ச்சி மாணவர்கள், தற்காலிக விரிவுரையாளர்கள், ஆய்வுக்கூட ஊழியர்கள் ஆகியோரின் பிழைப்புப் பிரச்னை.

இந்தக் கணக்கு எப்படி வந்தது? 1955-ல் யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் ஒரு யோசனையை வெளியிட்டார். எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது என்று அட்டவணை போட்டால், ஒரு கருத்து எங்கே பிறந்து எங்கே வளர்ந்தது என்று பின்தொடரலாம் என்பது அவர் வாதம். 1960-களில் அவருடைய ஸ்தாபனம் அந்த அட்டவணையை அச்சிட்டு விற்கத் தொடங்கியது. நூல் தேடுவோருக்கு வழிகாட்டியாகப் பிறந்த பட்டியல் அது. ஆனால் வெகு சீக்கிரத்தில் அதுவே மனிதரை நிறுக்கும் தராசாக மாறிவிட்டது.

அந்த அட்டவணையில் ஒரு குறை இருந்தது. மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அதில் முதல் ஆசிரியரின் பெயரின் கீழ்தான் பதிவாயிற்று. நான்கு பேர் பாடுபட்டிருந்தாலும் தேடுகிறவர் கண்ணில் படுவது ஒரே பெயர். அச்சுக்காகிதத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு, நாளடைவில் நியாயத்தின் அளவாகவே ஆகிவிட்டது. 1970-களில் சமூகவியலாளர்கள் சிலர், முதல் பெயரை மட்டும் எண்ணினாலே போதும் என்று வாதித்தார்கள். 1980-ல் டங்கன் லிண்ட்சே என்ற ஆய்வாளர் இதை வன்மையாக மறுத்து, கூட்டாசிரியர்களை இந்த முறை ஏமாற்றுகிறது என்று எடுத்துக்காட்டினார்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். நான்கு பேர் எழுதிய ஒரு கட்டுரைக்கு 100 மேற்கோள்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பெயரை மட்டும் எண்ணினால் ஒருவருக்கு 100. மற்ற மூவருக்கும் பூஜ்யம். ஒவ்வொருவருக்கும் முழுதாகக் கொடுத்தால் நால்வருக்கும் 100 வீதம் 400. இல்லாத 300 எங்கிருந்தோ முளைத்துவிடுகிறது. சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 25. பெயர் வரிசைப்படி குறைத்துக்கொண்டே போகும் முறை ஒன்றும் உண்டு. அதன்படி 48, 24, 16, 12. உழைப்பு ஒன்றுதான், கட்டுரையும் ஒன்றுதான். ஆனால் நான்காவது இடத்தில் இருப்பவரின் மதிப்பு பூஜ்யம், 12, 25, 100 என்று எண்ணுகிறவர் கையைப் பொறுத்து மாறுகிறது. இதையா விஞ்ஞான அளவு என்பது?

இதனால் பாதிக்கப்படுவோர் யார்? உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, புரதத்தை அளக்கும் முறை பற்றி 1951-ல் வெளிவந்தது. மூன்று லட்சம் முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. அதன் பெயரே ‘லோரி முறை’. ஆனால் அதில் ரோஸ்ப்ரோ, ஃபார், ராண்டல் என்று இன்னும் மூன்று பெயர்கள் இருக்கின்றன. அந்த முறையை அன்றாடம் கையாளும் ஆய்வாளர்களில் எத்தனை பேருக்கு இந்த மூவரையும் தெரியும்?

1967-ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸலின் பெல், வானொலித் தொலைநோக்கியின் பதிவுச் சுருள்களை முழம் முழமாக ஆராய்ந்து, பல்ஸார் எனப்படும் துடிக்கும் நட்சத்திரத்தின் அடையாளத்தை முதன்முதலில் கண்டார். 1968-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வந்த கட்டுரையில் ஐந்து பெயர்கள். முதலில் அவருடைய மேற்பார்வையாளர் ஹூயிஷ், இரண்டாவதாக பெல். 1974-ல் நோபல் பரிசு ஹூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் வழங்கப்பட்டது. முதல் பெயரை மட்டும் எண்ணும் கணக்கில் அந்த மாணவியின் பங்கு பூஜ்யமே!

இன்னொன்று, விந்தையிலும் விந்தை. புகழ் உள்ளவருக்கே மேலும் புகழ் சேரும், உடனுழைத்த சிறியவர் மறக்கப்படுவார் என்ற உண்மையை 1968-ல் ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் எழுதினார். மிகப் பிரபலமான கட்டுரை அது. அதற்கான விஷயங்களைப் பெருமளவில் திரட்டித் தந்தவர் ஹாரியட் ஸக்கர்மன். நோபல் விஞ்ஞானிகளைப் பேட்டி கண்டு ஆராய்ந்தவர் அவரே. கட்டுரையிலோ மெர்ட்டன் பெயர் மட்டும்தான் இருந்தது. அது இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் மெர்ட்டனே எழுதினார். நோயைப் பற்றி எழுதிய கட்டுரைக்கே அந்த நோய் பிடித்திருந்தது! பெண் விஞ்ஞானிகளின் உழைப்பு ஆண்களின் கணக்கில் ஏறுவதை மார்கரெட் ராஸிட்டர் 1993-ல் தனியே பெயரிட்டு அம்பலப்படுத்தினார்.

பெயர் வரிசையை நம்புவதும் அநீதியே. கணிதத்திலும் பொருளாதாரத்திலும் அகர வரிசைப்படி பெயர் போடுவது வழக்கம். உயிரியலில் கூடத்தின் தலைவர் கடைசியில் நிற்பார். அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளில், குடும்பப் பெயர் அகர வரிசையில் முன்னே இருப்பவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று 2006-ல் எய்னாவ், யாரிவ் ஆகிய இருவர் கண்டறிந்தார்கள். தகப்பன் வைத்த பெயரின் முதல் எழுத்து வேலையைத் தீர்மானிக்கிறது!

நம் நாட்டு நிலைமை என்ன? பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் வெளியிட்ட விதிகள், கூட்டுக் கட்டுரையின் மதிப்பெண்ணில் 60 சதவிகிதத்தை முதல் ஆசிரியரும் மேற்பார்வையாளர் போன்ற முதன்மை ஆசிரியரும் பகிர்ந்துகொள்ள வேண்டும், மற்ற அனைவருக்கும் சேர்த்து 40 சதவிகிதம் என்றன. 2018-ம் ஆண்டு விதிகளோ, இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவிகிதம் என்றன. இரண்டு பேருக்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர் ஒவ்வொருவருக்கும் 30. பத்து மதிப்பெண் கட்டுரை இருவர் எழுதினால் 14 ஆகிறது. நால்வர் எழுதினால் 16 ஆகிறது. பெயரைச் சேர்க்கச் சேர்க்க மதிப்பெண் பெருகும் என்றால், எழுதாதவர் பெயரும் ஏறாதா? துறைத் தலைவரின் பெயரை மறுக்கும் துணிவு, உதவித்தொகைக்கு அவர் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்கும் மாணவனுக்கு எங்கிருந்து வரும்?

2005-ல் ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி வகுத்த ‘எச் குறியீடு’ இன்று எங்கும் வழங்குகிறது. தலா 20 மேற்கோளாவது பெற்ற 20 கட்டுரைகள் இருந்தால் உமது எண் 20. உம்மோடு எத்தனை பேர் உழைத்தார்கள் என்று அது கேட்பதேயில்லை. இந்தக் குறையைச் சரிப்படுத்த ஹிர்ஷே 2010-ல் வேறொரு குறியீட்டை முன்வைத்தார். அதை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் சொற்பமே.

எண்ணிக்கையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எண்ணிக்கை இல்லாத காலத்தில் என்ன நடந்தது? சிபாரிசும் சாதியும் குடும்பச் செல்வாக்கும் ஆளைத் தேர்ந்தெடுத்தன. பெரிய மனிதரின் கடிதம் இல்லாத ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, ‘என் வேலையை உலகம் மேற்கோள் காட்டுகிறது, பாருங்கள்’ என்று சொல்ல ஓர் ஆதாரம் கிடைத்தது மெய்தான். அந்த ஆதாரத்தை அவனிடமிருந்து பிடுங்க வேண்டும் என்பது நம் நோக்கமல்ல. அளவு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அளவு யார் கையில் இருக்கிறது என்பது உழைப்பாளி மக்களுக்குப் புதிய கேள்வியல்ல. 1940-களில் கீழத் தஞ்சையின் பண்ணையாட்கள், முத்திரை மரக்காலில் கூலியை அளக்க வேண்டும் என்று செங்கொடியின் கீழ் போராடினார்கள். கூலி எத்தனை மரக்கால் என்பது போலவே, எந்த மரக்கால் என்பதும் வர்க்கப் பிரச்னைதான் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

விஞ்ஞானத்தின் மரக்கால் இன்று யாரிடம் இருக்கிறது? கார்ஃபீல்டின் ஸ்தாபனம் 1992-ல் தாம்ஸன் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 2016-ல் அந்தப் பிரிவு 355 கோடி டாலருக்கு முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டு, கிளாரிவேட் என்ற கம்பெனியாயிற்று. எதிரே நிற்கும் ‘ஸ்கோபஸ்’ அட்டவணை, பத்திரிகைகளை வெளியிட்டு விற்கும் எல்ஸவியர் கம்பெனிக்கே சொந்தம். சரக்கை விற்பவரே தராசையும் வைத்திருக்கிறார்! விஞ்ஞானிகள் பொதுப்பணத்தில் ஆராய்ந்து எழுதுகிறார்கள். சக விஞ்ஞானிகள் பெரும்பாலும் கூலியின்றிச் சரிபார்க்கிறார்கள். அவற்றைப் படிப்பதற்கு மட்டும், 2024 நவம்பரில் இந்திய சர்க்கார் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்ற பழமொழி ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்துகிறது.

ஆனால் மாற்று வழி இல்லாமல் இல்லை. 2012-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் உருவான பிரகடனமும், 2015-ன் லைடன் அறிக்கையும், எண்ணை மட்டும் வைத்து மனிதரை எடைபோடக் கூடாது என்று முழங்கின. யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ‘ஓபன் அலெக்ஸ்’ என்ற திறந்த அட்டவணை 2022-ல் வந்தது. பாரிஸின் ஸார்போன் பல்கலைக்கழகம், கிளாரிவேட்டின் அட்டவணைக்குச் சந்தா கட்டுவதை நிறுத்தப்போவதாக 2023-ல் அறிவித்தது. கட்டுரைக்குள் யார் என்ன செய்தார் என்பதை 14 வகைப் பணிகளாகப் பிரித்து அறிவிக்கும் முறையையும் பல பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். எந்த முறையில் எண்ணப்பட்டது என்று சொல்லாத எந்த எண்ணையும் தேர்வுக் குழுக்கள் ஏற்கக் கூடாது. ஒரு கட்டுரையின் மதிப்பு ஒன்றே. பெயரைக் கூட்டி அதைப் பெருக்கும் விதிகள் ஒழிய வேண்டும். ஆனால் வெறுமனே பங்கிட்டால், தம் பங்கு குறையுமே என்று மேலே இருப்பவர் மாணவனின் பெயரையே வெட்டிவிடக்கூடும். எனவே ஒவ்வொருவரும் செய்த பணியை, கருவியை இயக்கிய ஊழியரின் பணி உட்பட, எல்லோரும் கையெழுத்திட்டு அறிவிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். தகராறு வந்தால் விசாரிக்கும் குழுவில் ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். பொதுப்பணத்தில் எழுந்த அறிவின் அட்டவணை பொதுச்சொத்தாக இருக்க வேண்டும்.

இக்கோரிக்கைகளை ஆசிரியர் சங்கங்களும் மாணவர் சங்கங்களும் கையில் எடுக்க வேண்டும். கம்பெனிகளின் கணக்கு தானாகத் திருந்தாது. மரக்காலைத் திருத்தியது பண்ணையாரின் மனச்சாட்சியல்ல, பண்ணையாட்களின் ஒற்றுமை. ஆய்வுக்கூடத்திலும் அந்த ஒற்றுமை ஓங்கட்டும்!