முதலில் பூட்டு, விசாரணை அப்புறம்!

எங்கள் கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன், போன மாதம் திடீரென்று "போன்ல போட வேண்டாம் தம்பி, காசா குடு" என்று சொல்ல ஆரம்பித்தார். விசாரித்தால், அவருடைய வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்களாம். யாரோ ஒருவன் டீக்கும் வடைக்கும் அனுப்பிய 140 ரூபாய், வேறொரு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிய பணத்தின் ஒரு துளியாம். அந்த 140 ரூபாய்க்காக மொத்தக் கணக்குக்கும் பூட்டு! வங்கியில் கேட்டால் "போலீஸைக் கேளுங்க" என்கிறார்கள். போலீஸோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

மோசடிக்காரனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. திருடிய பணம் பத்து நிமிடத்தில் பத்துக் கணக்கு தாண்டிவிடும். உடனே தடுக்காவிட்டால், ஏமாந்த பெரியவரின் ஓய்வூதியப் பணம் போனது போனதுதான். ஆக, முடக்கவே கூடாது என்பதல்ல என் வாதம். யார் முடக்குவது, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆவது பிரிவு, குற்றத்தோடு தொடர்புடையதாகச் சந்தேகப்படும் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தைப் போலீஸுக்குக் கொடுத்தது. வங்கிக் கணக்கும் அந்தச் 'சொத்தில்' அடங்கும் என்று 1999-ல், ஓர் ஊழல் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே அதிகாரம் 106-ஆவது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. போலீஸ் முடக்கலாம், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் சொன்னால் போதும்.

பக்கத்திலேயே 107-ஆவது பிரிவு இருக்கிறது. குற்றத்தால் கிடைத்த சொத்தை முடக்க, எஸ்.பி.யின் ஒப்புதலோடு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சொத்துக்காரருக்கு 14 நாள் நோட்டீஸ். நோட்டீஸ் கொடுத்தால் பணம் பறந்துவிடும் என்றால், நீதிமன்றமே உடனடி இடைக்கால உத்தரவு போடலாம். அவசரத்துக்கும் வழி இருக்கிறது, நியாயத்துக்கும் வழி இருக்கிறது. அப்புறம் ஏன் குறுக்கு வழி?

பெரிய வழக்குகளின் கதையும் இதுதான். 2002-ஆம் ஆண்டு பணமோசடித் தடுப்புச் சட்டப்படி அமலாக்கத் துறை அதிகாரியே 180 நாள் வரை சொத்தை முடக்கி வைக்கலாம். உறுதிசெய்வது தனி ஆணையம், நீதிமன்றம் அல்ல. 2022 ஜூலை 27 அன்று உச்ச நீதிமன்றமும் இதைச் சரி என்றுவிட்டது. சட்டப்படி சரி என்பதாலேயே நியாயம் ஆகிவிடுமா?

"நிரபராதின்னா பணம் திரும்பக் கிடைச்சிடுமே?" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். பணம் கிடைக்கும் நண்பா. கட்டாமல் விட்ட வாடகை? பிள்ளையின் பள்ளிக் கட்டணம்? கந்துவட்டிக்கு வாங்கிய கடன்? அதைவிட முக்கியம், வக்கீல் பீஸ்! கையைக் கட்டி ஆற்றில் தள்ளிவிட்டு, "நீந்தத் தெரிந்தால் பிழைத்துக்கொள்" என்பது என்ன நீதி?

குற்றத்தோடு தொடர்பில்லாத பணத்தை முடக்கி, வக்கீல் வைக்கும் உரிமையைப் பறிக்கக் கூடாது என்று 2016-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தின் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முடக்குவதே நீதிமன்ற உத்தரவால்தான். குடும்பம் நடத்த நியாயமான தொகையை அந்த உத்தரவிலேயே ஒதுக்கலாம். அங்கேயும் குறைகள் உண்டு. ஆனால் சந்தேக நபருக்கும் வயிறு இருக்கிறது என்பதாவது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ஊரிலும் வெளிச்சம் இல்லாமல் இல்லை. தொகையும் காலமும் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது, தொழில் செய்து பிழைக்கும் உரிமையைப் பாதிக்கிறது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்காக உயர் நீதிமன்றம் வரை போக டீக்கடைக்காரரால் முடியுமா, சொல்லுங்கள்?

நான் கேட்பது மூன்றுதான். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் முடக்குங்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் பூட்டு தானாகத் திறக்கட்டும். சாப்பாட்டுக்கும் வக்கீலுக்கும் வழி விடுங்கள்.

140 ரூபாய் சந்தேகம் என்றால் அந்த 140-ஐ எடுத்து வையுங்கள். மிச்சம் அந்த அண்ணன் காலை நாலு மணிக்கு எழுந்து பால் காய்ச்சிச் சம்பாதித்தது!