தாய் மரம் பிள்ளைக்கு ஊட்டுமா?

சமீபத்தில் தென்னை விவசாயிகளுக்கான பயிற்சி ஒன்றில், வயதான தோப்பில் மறுநடவு செய்வது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு விவசாயி எழுந்து கேட்டார்: “காட்டுல தாய் மரம் வேர் வழியா கன்னுகளுக்குச் சாப்பாடு கொடுக்குதுன்னு வீடியோ பார்த்தேன் சார். அப்படின்னா பழைய தென்னைய வெட்டாம விட்டா, பக்கத்துல வைக்கிற பிள்ளைக்கு அதுவே ஊட்டம் கொடுத்துடாதா?”

நியாயமான கேள்வி. மரங்கள் பேசுகின்றன, பகிர்ந்து உண்கின்றன என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் தொடங்கி உயிர் உர விற்பனை வரை வந்துவிட்டது. இதை நம்பித் தோப்பில் முடிவெடுப்பதற்கு முன், அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது.

கனடா காட்டில் தொடங்கியது

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஊசியிலைக் காடுகள் அதிகம். அங்கு மரம் வெட்டிய இடங்களில், விலை போகும் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் நாற்றுகளை நடுவார்கள். அவற்றுக்கு இடையே தானாக முளைக்கும் பிர்ச் என்ற அகன்ற இலை மரத்தை, நாம் களை எடுப்பதுபோல வெட்டியும் களைக்கொல்லி தெளித்தும் அழித்துவந்தார்கள். பிர்ச் வெயிலையும் நீரையும் பிடுங்கிக்கொள்கிறது என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கைச் சோதித்தவர் வன ஆய்வாளர் சூசன் சிமார்ட். அருகருகே வளர்ந்த பிர்ச், ஃபிர் கன்றுகளைப் பிளாஸ்டிக் பையால் மூடி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அடையாளமிட்ட கார்பன் வாயுவைச் செலுத்தினார். சில நாள் கழித்துப் பார்த்தபோது, பிர்ச் எடுத்த கார்பன் ஃபிர் கன்றிலும், ஃபிர் எடுத்தது பிர்ச்சிலும் இருந்தது. கொடுக்கல் வாங்கல் போக ஃபிர்ருக்குக் கிடைத்த நிகர லாபம், அது தானே ஒளிச்சேர்க்கையில் எடுத்ததில் சராசரியாக 6 சதவீதம். நிழலில் இருந்த ஃபிர்ருக்கு இன்னும் கூடுதல். இரண்டு மரங்களின் வேரிலும் ஒரே வகைப் பூசணங்கள் வாழ்வதால், அவற்றின் இழைகளே பாலமாக இருந்திருக்கலாம் என்று 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அந்த ஆய்வு கூறியது.

அதே கட்டுரையில் இன்னொரு தகவலும் இருந்தது. ஒப்பீட்டுக்காக வைத்த சிடார் கன்றின் வேரில் வாழ்வது வேறு வகைப் பூசணம். அந்தப் பாலத்தில் சேராத சிடாரிலும் அடையாளமிட்ட கார்பன் கொஞ்சம் இருந்தது. அதாவது, ஒரு பகுதி மண் வழியாகவும் போயிருக்கிறது. பிறகு பரவிய கதைகளில் சிடாரைக் காணவில்லை.

கதை பெரிதானது

2010-இல் வெளியான ஆய்வு ஒன்று, 30 மீட்டருக்கு 30 மீட்டர் காட்டுத் துண்டில் ஒரு பெரிய டக்ளஸ் ஃபிர், பூசணத் தொடர்பால் 47 மரங்களோடு இணைந்திருந்ததை மரபணு மூலம் காட்டியது. அதன் பின் பிரபலமான புத்தகங்கள், படங்கள், காணொளிகள் வந்தன. ‘தாய் மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு ஊட்டுகிறது, பூச்சி வந்தால் எச்சரிக்கிறது’ என்பது நிரூபணமான செய்திபோலப் பரவியது.

2023-இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா ஆகிய மூன்று விஞ்ஞானிகள் இதுவரையிலான காட்டு ஆய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலித்தார்கள். இவர்களில் ஜோன்ஸ், 1997 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர். அவர்கள் கண்டது மூன்று. ஒன்று, பூசண இணைப்பு காட்டில் முறையாக வரைபடமாக்கப்பட்டது இரண்டே மர இனங்களில். இரண்டு, அந்த இணைப்பால் கன்றுக்கு நன்மை கிடைத்த ஆய்வுகள் இருப்பதுபோலவே, பலன் இல்லாத, பாதிப்பே நேர்ந்த ஆய்வுகளும் இருக்கின்றன. மூன்று, தாய் மரம் தன் கன்றைத் தேர்ந்தெடுத்து ஊட்டுகிறது என்பதற்குக் காட்டில் செய்த ஆய்வு எதுவும் ஆதாரம் தரவில்லை. எச்சரிக்கைச் செய்தி பற்றிய சோதனை பசுமைக்குடில் தொட்டிகளில் நடந்தது. சிமார்ட் தன் முடிவுகளில் உறுதியாக இருக்கிறார், விவாதம் தொடர்கிறது.

சந்தேகமில்லாத பகுதி

மரத்துக்கும் பூசணத்துக்கும் உள்ள கூட்டு உறுதியான உண்மை. மரம் சர்க்கரை கொடுக்கிறது. வேர் எட்டாத இடத்திலிருந்து பூசணம் சத்தும் நீரும் கொண்டுவருகிறது. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் நாற்றுகள் வெகுகாலம் தேறவே இல்லை. பைன் காட்டு மண்ணோடு அதற்குரிய பூசணத்தைச் சேர்த்த பிறகே வளர்ந்தன. ஆக, பூசணம் மரத்துக்குத் தரும் பலன் நிரூபிக்கப்பட்டது. ஒரு மரம் இன்னொரு மரத்துக்குப் பூசணம் வழியாக ஊட்டுவதுதான் இன்னும் விவாதத்தில் உள்ளது.

நம் நிலத்துக்கு வரும்போது

டக்ளஸ் ஃபிர், பைன் வேர்களில் இருப்பது வேரை வெளியே போர்த்தும் பூசணம். தென்னை, வாழை, மக்காச்சோளம், மிளகாய், வெங்காயம், பயறு வகைகளில் இருப்பது வேருக்குள் புகும் உட்பூசணம். நாம் ‘வாம்’ என்று வாங்குவது இதைத்தான். ஊசியிலைக் காட்டு ஆய்வைக் காட்டி வாம் பாக்கெட்டுக்குக் கூடுதல் விலை கேட்டால், இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

வாம் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை சில. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவற்றின் வேரில் இது பொதுவாகக் கூடி வாழாது. அவற்றுக்குப் போடுவது வீண் செலவு. மண்ணில் மணிச்சத்து மிகுந்திருந்தால் பயிர் பூசணத்தை ஒதுக்கிவிடும். எனவே மண் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். திரும்பத் திரும்ப உழுதால் மண்ணில் உள்ள பூசண இழைகள் அறுந்துபோகும். மேலே தூவுவதைவிட, நாற்றங்காலிலோ நடவுக் குழியிலோ வேரில் படும்படி இடுவதே பலன் தரும்.

அந்த விவசாயிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: பழைய தோப்பு மண்ணில் உள்ள பூசணம் பிள்ளையின் வேருக்கும் வந்து சேரும், அது லாபம். ஆனால் வெயில், நீர், சாம்பல் சத்து மூன்றிலும் பழைய மரம் பிள்ளைக்குப் போட்டிதான். பிள்ளைக்குத் தனியாக உரமும் தண்ணீரும் கொடுங்கள். பிள்ளை பிடித்து வளர வளர, காய்ப்பு குறைந்த பழைய மரங்களைப் படிப்படியாக எடுத்துவிடுங்கள்.