ஹோண்டா எஞ்சின் மட்டுமா வென்றது?

யாங்கூன் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தவை. 1970இலேயே பர்மா சாலையின் வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறிவிட்டது. ஆனாலும் ஸ்டீரிங்கும் வலப்பக்கமே உள்ள கார்களைப் பல்லாண்டு காலம் நம் மக்கள் தயங்காமல் வாங்கினார்கள். விலை ஒரு காரணம், ஜப்பான் எஞ்சின் மீதுள்ள நம்பிக்கை இன்னொரு காரணம். அந்த நம்பிக்கையில் எனக்குக் குறை ஏதுமில்லை. அதைப் பந்தயத் தடத்துக்கும் கொண்டுபோய், 1988இல் மெக்லாரன் எம்பி4/4 குவித்த வெற்றியெல்லாம் ஹோண்டா எஞ்சின் கொடுத்தது, அந்த எஞ்சினை எந்தக் காரில் பூட்டியிருந்தாலும் இதே கதைதான் என்று சொல்கிறார்களே, அதைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பேச்சு நம் ஊரில் மட்டும் இல்லை. உலகம் முழுக்கப் பந்தய ரசிகர்கள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அந்தக் கார் செய்தது என்ன என்று பார்த்துவிடலாம். 1988இல் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயங்கள் 16. எம்பி4/4 வென்றவை 15. அயர்ட்டன் சென்னா 8, அலன் புரோஸ்ட் 7. தகுதிச்சுற்றிலும் 15 தடவை முதலிடம். 10 பந்தயங்களில் முதல் இரண்டு இடங்களும் மெக்லாரனுக்கே. அந்த ஆண்டு ஓடிய மொத்தச் சுற்றுகள் 1,031. அவற்றில் 1,003 சுற்றுகளில் முன்னால் போனது ஒரு மெக்லாரன். அணிப் புள்ளிகள் 199. இரண்டாம் இடத்து ஃபெராரிக்கு 65.

இதெல்லாம் எஞ்சினால் என்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு அதே ஹோண்டா ஆர்ஏ168இ எஞ்சின் இன்னோர் அணியிலும் இருந்ததே, லோட்டஸ் 100டி காரில்? ஓட்டியவரும் சாதாரண ஆளில்லை. முந்தைய ஆண்டு உலக சாம்பியன் பட்டம் வென்ற நெல்சன் பிக்கே. அவருக்கு அந்த ஆண்டு முழுக்க ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. மூன்று தடவை மூன்றாம் இடம் வந்தார், அவ்வளவுதான். லோட்டஸ் அணியின் மொத்தப் புள்ளிகள் 23.

இமோலா தகுதிச்சுற்று இன்னும் தெளிவாகப் பேசும். சென்னா முதலிடம், புரோஸ்ட் இரண்டாமிடம், பிக்கே மூன்றாமிடம். முதல் மூன்று கார்களிலும் ஒரே எஞ்சின். சென்னாவுக்கும் பிக்கேவுக்கும் இடையில் மூன்று விநாடிக்கு மேல் இடைவெளி. ஃபார்முலா ஒன்னில் ஒரு விநாடியே பெரிய தூரம். மறுநாள் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த பிக்கேவையும் மெக்லாரன்கள் ஒரு முழுச் சுற்று முந்தியிருந்தன. மொனாக்கோவில் சென்னா தன் சக ஓட்டுநர் புரோஸ்டைவிட 1.4 விநாடி வேகமாக ஓடி முதலிடம் பிடித்தார். அதே எஞ்சினை லோட்டஸில் வைத்திருந்த சத்தோரு நகாஜிமாவுக்கு அங்கே பந்தயத்தில் கலந்துகொள்ளும் தகுதியே கிடைக்கவில்லை. டெட்ராய்ட்டிலும் அப்படியே. நகாஜிமாவைச் சென்னாவோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்று சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். பிக்கேவை என்ன சொல்வது? 1987இல் பட்டம் வென்றபோது அவர் ஓட்டிய வில்லியம்ஸிலும் ஹோண்டா எஞ்சின்தான் இருந்தது. ஓட்டுநர் அவரே, எஞ்சின் நிறுவனமும் அதுவே, மாறியது கார்.

அப்படியானால் எம்பி4/4இல் என்னதான் இருந்தது? இங்கேதான் கொஞ்சம் பொறுமையாக நின்று பார்க்க வேண்டும்.

1988க்கு விதிகள் மாறின. ஹோண்டாவினுடையது போன்ற டர்போ எஞ்சின்களுக்கான அழுத்த வரம்பு 4 பாரிலிருந்து 2.5 பாராகக் குறைந்தது. டர்போ கார் ஒரு பந்தயத்தில் எரிக்க அனுமதிக்கப்பட்ட எரிபொருள் 195 லிட்டரிலிருந்து 150 லிட்டராகச் சுருங்கியது. எரிபொருள் குறைந்தால் தொட்டி சிறிதாகும்; தொட்டி சிறிதானால் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னாலிருக்கும் பகுதியையும் தாழ்த்தலாம். ஸ்டீவ் நிக்கல்ஸ் தலைமை வடிவமைப்பாளராகவும் கோர்டன் மரே தொழில்நுட்பத் தலைவராகவும் இருந்த குழு இந்த வாய்ப்பைக் கடைசிவரை பயன்படுத்திக்கொண்டது. ஓட்டுநரை ஏறக்குறைய மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். காரின் முன்பரப்பு குறைந்தது, காற்றின் தடை குறைந்தது. பின் இறக்கைக்குப் போகும் காற்று, ஓட்டுநரின் தலையிலும் எஞ்சின் மூடியிலும் மோதிக் குழம்பாமல் போய்ச் சேர்ந்தது. வளைவில் காரைத் தரையோடு அழுத்துவது அந்த இறக்கைதான்.

படுக்கவைப்பது புதிய யோசனை என்று சொல்ல மாட்டேன். மரே 1986இல் பிராபம் பிடி55 காரில் அதைச் செய்து பார்த்திருந்தார். அந்தக் கார் தோற்றது. ஆண்டு முழுக்க 2 புள்ளி. உயரமான நான்கு சிலிண்டர் பிஎம்டபிள்யூ எஞ்சினை 72 டிகிரி சாய்த்துப் பொருத்தியதால், உள்ளே எண்ணெய் சரியாக வடிந்து திரும்பாமல் சக்தி வீணானது. அதே யோசனை இரண்டே ஆண்டில் வெற்றி பெற்றது எப்படி? ஹோண்டாவின் வி6 எஞ்சினைச் சாய்க்கத் தேவையே இல்லை. கிளட்சின் விட்டத்தைக் குறைத்து, கிராங்க் தண்டைத் தரைக்கு நெருக்கமாக இறக்கினார்கள். அப்படி இறக்கினால் இன்னொரு சிக்கல் வரும்: சக்தி வெளிவரும் இடம் பின்சக்கரத்தின் மையத்தைவிடக் கீழே போய்விடும், சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் கோணலாகச் சுழலும். அதைத் தீர்க்க மூன்று தண்டுகள் கொண்ட கியர்பாக்ஸை மெக்லாரன் உருவாக்கியது. அந்தக் கூடுதல் தண்டு, சக்தியைத் தேவையான உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்தது.

எஞ்சினும் காரும் ஒன்றையொன்று மனத்தில் வைத்துப் பிறந்தவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. எஞ்சின் தாழ்ந்ததன் பலனை முழுதாக எடுத்துக்கொள்ளும் கார் மெக்லாரனிடம் இருந்தது, லோட்டஸிடம் இல்லை.

இனி, டர்போவுக்கு விதிகள் சாதகமாக இருந்தன என்ற பேச்சு. உண்மை இதற்கு நேர் எதிர். டர்போவை ஒழித்துக்கட்டும் நோக்கத்தோடுதான் அந்த விதிகள் எழுதப்பட்டன; 1989இல் அது முழுதாகவே தடை செய்யப்பட்டது. டர்போ இல்லாத 3.5 லிட்டர் கார்களுக்கு எரிபொருள் வரம்பு கிடையாது. அவற்றின் குறைந்தபட்ச எடை 500 கிலோ, டர்போவுக்கு 540. இந்தக் கட்டுகளுக்குள் ஹோண்டா செய்த வேலை பெரியது, அதை மறைக்க எனக்கு எந்த எண்ணமும் இல்லை. டொலுயீன் 84 விழுக்காடு கலந்த எரிபொருளைச் சூடாக்கி உள்ளே அனுப்பி, 150 லிட்டரில் பந்தயத்தை முடிக்க வைத்தார்கள். ஃபெராரியிடமும் டர்போதான் இருந்தது. சில்வர்ஸ்டோனில் தகுதிச்சுற்று முதலிடத்தை மெக்லாரனிடமிருந்து பறித்த கெர்ஹார்ட் பெர்கர், பந்தயத்தில் எரிபொருள் போதாமல் பின்தங்கி 9ஆவதாக வந்தார். டர்போ இருந்தால் போதும் என்பது அங்கேயே பொய்த்துவிட்டது.

கார் ஒன்றுமில்லை, சென்னாவும் புரோஸ்டும்தான் எல்லாம் என்று சிலர் சொல்வார்கள். 1987இல் இதே இருவரும் வெவ்வேறு கார்களில் ஓட்டினார்கள். மெக்லாரன் எம்பி4/3இல் புரோஸ்டுக்கு 3 வெற்றி. லோட்டஸ் 99டியில், அதுவும் ஹோண்டா எஞ்சினோடு, சென்னாவுக்கு 2. அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து 15. ஓராண்டில் ஒரு ஓட்டுநரின் திறமை இப்படி மூன்று மடங்காகாது. சுசுகாவில் புறப்படும்போதே எஞ்சின் நின்று 14ஆம் இடத்துக்குப் போன சென்னா, அங்கிருந்து ஏறி வந்து வென்று பட்டத்தையும் எடுத்தார். அந்த ஓட்டம் அவருடையது, சந்தேகமில்லை. ஆனால் புரோஸ்டின் கணக்கையும் பாருங்கள்: 16 பந்தயங்களில் 7 முதலிடம், 7 இரண்டாமிடம், முடிக்காதவை இரண்டே. 14 தடவை முதல் இரண்டு இடங்களுக்குள் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்த கார் அது.

போட்டியே இல்லாத ஆண்டு என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. வில்லியம்ஸ் ஹோண்டாவை இழந்து, வலுக்குறைந்த ஜட் எஞ்சினோடு ஓடியது. ஃபெராரி முந்தைய ஆண்டுக் காரையே திருத்தி ஓட்டியது. டர்போவுக்கு ஒரே ஆண்டுதான் மிச்சம் என்று தெரிந்து பலர் புதிய கார் கட்டவில்லை. மெக்லாரன் கட்டியது. அதுவும் முதல் பந்தயத்துக்குச் சில நாள் முன்புதான் இமோலாவில் அதை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தார்கள். மற்றவர்கள் செய்யாததைச் செய்தவரை, மற்றவர்கள் செய்யாததற்காகக் குறைத்துப் பேசுவது எப்படி நியாயமாகும்?

தவறிய அந்த ஒரு பந்தயம் மோன்ஸா. புரோஸ்டின் ஹோண்டா எஞ்சின் பழுதானது. முன்னால் போய்க்கொண்டிருந்த சென்னா, முடிய இரண்டே சுற்று இருக்கையில், ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த ஜான்-லூயி ஷ்லெஸரின் வில்லியம்ஸோடு மோதி நின்றுபோனார். என்ஸோ ஃபெராரி மறைந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் பெர்கரும் அவருடைய சக ஓட்டுநர் அல்போரெத்தோவும் ஃபெராரிக்கு முதல் இரண்டு இடங்களைக் கொடுத்தார்கள்.

டர்போ போன பிறகும் ஹோண்டா எஞ்சினோடு மெக்லாரன் வென்றதே என்பது கடைசியாக வரும் வாதம். வென்றது, 1989இல் 10 பந்தயம். 1990இல் அது 6 ஆனது, ஃபெராரிக்கும் 6. ஹோண்டா எஞ்சின் அப்போதும் மெக்லாரனிடம்தான் இருந்தது. சென்னாவும் அப்போது மெக்லாரனில்தான் இருந்தார். எம்பி4/4 மட்டும் இல்லை.

ஹோண்டாவைப் பாராட்டுகிறவர்கள் தொடர்ந்து பாராட்டட்டும். அந்தப் பேச்சில் ஸ்டீவ் நிக்கல்ஸ், கோர்டன் மரே இருவர் பெயரையும் இனிச் சேர்த்துச் சொல்லுங்கள்.