பேய் நகரம் என்றொரு பொய்

கோடை விடுமுறை முடிந்ததும் நம் சூழலில் தனுஷ்கோடிப் பயணக்கட்டுரை ஒன்று வந்துவிடுகிறது. காளவாசலில் கார் ஏறியவர், இடிந்த தேவாலயத்தின் முன் நின்று, 'ஆளரவமற்ற பேய் நகரம்' என உருகுகிறார். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் அரசு அதனை வாழத் தகுதியற்ற இடமென அறிவித்தது உண்மையே. ஆனால் மீனவர்கள் திரும்பிவந்து குடிசை போட்டார்கள்; கரைவலை இழுத்தார்கள். 2017இல் அரிச்சல்முனைவரை சாலை வந்து கூட்டம் பெருகியது; அவர்கள் மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை. 1935இல் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவுக்குக் குடிபெயர்ந்த லாரன்ஸ் டரல், அம்மொழியைக் கற்று, அயலாரைத் தம் நூலுக்குள் கொண்டுவந்தார். நமக்கோ மொழித்தடைகூட இல்லை. விடுமுறைக்குச் செல்லுங்கள், இளைப்பாறுங்கள். அங்கு வாழ்வோரை இல்லாதவர்களாக்கி எழுதாதீர்கள்.