தேவனின் வேளையா? பாதிரிகளின் தவணையா?

பொறுமையாயிரு, அவசரப்படாதே, எல்லாம் தேவன் குறித்த வேளையில் நடக்கும் என்பதாகக் கிறிஸ்தவக் கோவில்களில் ஞாயிறுதோறும் உபதேசம் நடந்து வருகின்றது. இதற்கு ஆதாரமாக யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டுகின்றார்கள். பயிரிடுகிறவன் மழைக்குக் காத்திருப்பதுபோல நீங்களும் காத்திருங்கள் என்று அதில் இருக்கிறதாம். நல்லது. பயிரிடுகிறவனையே சாட்சியாக அழைப்போம்.

விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்துக் குடியானவன் எப்படிக் காத்திருக்கிறான்? ஏர் ஓட்டுகிறான், நாற்று நடுகிறான், களை பறிக்கிறான், ஏரி மதகைப் பார்க்கிறான், மல்லாட்டைக் கொல்லையில் பன்றிக்குக் காவல் இருக்கிறான். கரும்பு வெட்டிப் பணம் வராவிட்டால் ஆலை வாசலில் போய் உட்காருகிறான். சும்மா கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தவன் வீட்டில் பானை கொதித்ததாக நாம் கேட்டதில்லை. பொறுமை என்பது வேலை செய்கிறவனுக்கு உள்ள குணமேயன்றி, வேலையைத் தடுக்கிறவன் செய்யும் உபதேசமல்ல.

நிற்க, அதே அதிகாரத்தில் காத்திருக்கச் சொல்வதற்குச் சில வரிகளுக்கு முன்பு, அறுப்பு அறுத்தவனின் கூலியைப் பிடித்து வைத்த பணக்காரர்களுக்கு விழும் கண்டனத்தைப் பாதிரிமார் ஏன் சத்தமாய்ப் படிப்பதில்லை? இரண்டாம் அதிகாரத்தில், பொன் மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனமும் ஏழைக்குக் காலடியும் கொடுப்பது குற்றம் என்றிருக்கிறதே, அதை எங்கே ஒளித்து வைத்தார்கள்?

நாம் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. காணை இருக்கும் விழுப்புரம் ஜில்லாவிலேயே 2008 இல் இருந்தது எறையூர். 2019 முதல் அது கள்ளக்குறிச்சி ஜில்லாவைச் சேர்ந்தது. அங்கே ஊர்க்காரரான வன்னியரும் கத்தோலிக்கர், சேரியாரான ஆதிதிராவிடரும் கத்தோலிக்கர். ஒரே வேதம், ஒரே மாதா, ஒரே அப்பம். ஆனால் சுடுகாடு வேறு, பிணம் போகும் வழி வேறு. இந்த அவமானம் சகிக்காமல் சேரியார் தங்களுக்குச் சகாயமாதா கோவிலைக் கட்டிக்கொண்டு, அதைத் தனிப் பங்காக்கித் தனிச் சாமியாரைத் தாருங்கள் என்று கேட்டார்கள். இதைக் கேட்டு உண்ணாவிரதமும் இருந்தார்கள். அதன் பலன் என்ன? 2008 மார்ச்சு 9 அன்று சேரி வீடுகள் தாக்கப்பட்டன. போலீசார் சுட்டதில் இரண்டு உயிர் போயிற்று. செத்தவர்கள் சேரியாரல்ல, ஊர்க்காரர்களே. ஜாதி வெறி தன் சொந்தப் பிள்ளைகளையும் தின்னும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

இது நேற்று முளைத்த நோயுமல்ல. 1606 இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி பூணூலும் காவியும் தரித்தார். பிற்பாடு மேல்ஜாதிக்கு ஒரு விதச் சாமியார், கீழ்ஜாதிக்கு வேறு விதச் சாமியார் என்று அந்த மிஷன் பிரித்தே வைத்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணங்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பினார்கள். செத்தவனுக்கும் ஜாதி போகவில்லையென்றால் மோக்ஷத்தில் எத்தனை சேரி இருக்கும்?

ஒருவர் அவசரப்பட்டார். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833 இல் கோவில்களில் ஜாதியை உடனடியாக ஒழிக்க வேண்டுமென்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? கோவிலை விட்டார்களே தவிர ஜாதியை விடவில்லை. அவர்களிலே பலரை, மெள்ள மெள்ளத்தான் போகும் என்று சொன்ன லூத்தரன் மிஷன் சேர்த்துக்கொண்டது. 1833 முதல் இன்றுவரை எத்தனை வருஷம் என்று வாசகர்களே கணக்குப் பார்க்கட்டும். அந்த 'மெள்ள' இன்னும் முடியவில்லை.

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். 1950 ஆகஸ்டு 10 இல் வந்த ராஷ்டிரபதி உத்தரவு தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களுக்கு மாத்திரம் என்றது. 1956 இல் சீக்கியரையும் 1990 இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007 இல் சொல்லியும் சேர்க்காமல், 2022 இல் மறுபடியும் ஒரு கமிஷன் போட்டார்கள். இது சர்க்காரின் அக்கிரமம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. மதம் மாறியவனைப் பட்டினியால் மிரட்டும் உத்தரவு அது.

இதை எதிர்த்துத் திருச்சபையார் ஆகஸ்டு 10 ஐக் கறுப்பு நாளாக நடத்துகிறார்கள். நடத்தட்டும், நாமும் கூடச் சேருவோம். ஆனால் ஒன்று கேட்கின்றோம். டெல்லி சர்க்காரிடம் பேசும்போது தேவனின் வேளை எங்கே போயிற்று? அங்கே வருஷம், தேதி, மனு, வழக்கு. எறையூர்ச் சேரியிடம் பேசும்போது மாத்திரம் பொறுமை, ஜெபம், சமாதானமா? தன் கையில் அதிகாரமில்லாத இடத்தில் அவசரமும், அதிகாரமுள்ள இடத்தில் பொறுமையும் பேசுவதற்குப் பக்தி என்று பேரா?

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 இல் தங்கள் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் தாழ்த்தப்பட்டவர் என்று கணக்கும் கொடுத்தது. பெரும்பான்மையோரை ஓரத்தில் நிறுத்திவிட்டு யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? பங்கைப் பிரிப்பதும், சாமியாரை நியமிப்பதும், கல்லறைச் சாவியை வைத்திருப்பதும் ஆயர்தானே ஒழிய ஆகாயமல்லவே. ஆயர் ஒரு கையெழுத்துப் போட்டால் அந்த நாளே வேளை வந்துவிடும்.

ஆகவே, சேரிக் கிறிஸ்தவ வாலிபர்களே! இனி யாராவது பொறுமையாயிரு என்றால், எந்தத் தேதிவரை என்று கேளுங்கள். தேதி சொல்லாத வாக்குறுதியை மளிகைக் கடைக்காரன்கூட ஏற்கமாட்டான். தேதி சொன்னால் எழுதி வாங்குங்கள். சொல்லாவிட்டால், அந்தத் தவணையைப் போட்டவன் தேவனல்ல, மனிதனே என்பதைத் தெரிந்துகொண்டு, ஆக வேண்டியதைச் செய்யுங்கள்.