தரிசு என்று எழுதிவைத்த நிலம்

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போய்வந்தவர்களின் வீட்டுப் பூஜையறையில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். பிரித்தால் புற்றுமண். அம்மன் அங்கே புற்றில் குடியிருக்கிறாள் என்பது நம்பிக்கை. அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவம் பார்க்க நெருக்கியடிக்கும் கூட்டத்தில், அந்தப் புற்றைக் கட்டிய கறையானை யாரும் நினைப்பதில்லை. குறை சொல்லவில்லை, வந்த வேலை வேறு.

ஆனால் கறையானிடமிருந்து தொடங்கினால்தான் புல் புரியும். நம் பக்கத்துப் புற்றுக் கறையான்கள் காய்ந்த புல்லையும் சருகையும் மென்று புற்றுக்குள் சேர்த்து, அதன்மேல் பூஞ்சை வளர்க்கின்றன. பூஞ்சை பக்குவப்படுத்திக் கொடுப்பதைத் தின்கின்றன. மழை பெய்த மறுநாள் புற்றைச் சுற்றி முளைக்கும் காளான் அந்தச் சாகுபடியின் மிச்சம். சித்திரை வெயிலில் கருகிய புல் மறுபடி மண்ணாவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். விவசாயிக்கு எருக்குழி எப்படியோ, வெட்டவெளிக்குப் புற்று அப்படி.

செஞ்சியிலிருந்து வளத்தி வழியாக மேல்மலையனூர் போகும் பாதையில் நெல்லும் கரும்பும் மணிலாவும் விட்டுப்போய் அந்த வெட்டவெளி தொடங்குகிற இடங்கள் உண்டு. பாறைக்குன்றின் அடிவாரம், சரளை மண், அங்கங்கே ஆவாரை, காரை, ஒற்றைப் பனை, இடையில் முழங்கால் உயரப் புல். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் “எவ்வளவு இடம் சும்மா கெடக்கு பாருங்க” என்பார். அரசுக் கணக்கும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, கல்லாங்குத்து, மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி. வரி வசூலிக்க வந்த கும்பினிக்காரனுக்குத் தீர்வை கட்டாத நிலமெல்லாம் தரிசு. அவன் போய்விட்டான். சொல்லும் பதிவேடும் இருக்கின்றன. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுப்பு, நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை, அதாவது 5.58 கோடி ஹெக்டேரைத் தரிசு என்கிறது. உவர்மண்ணும் சுரங்கக் குழியும் அதில் உண்டு. புதர்வெளியும் மேய்ச்சல் தரையும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

செஞ்சியின் கதையே இந்தத் ‘தரிசில்’ ஆரம்பிப்பதுதான் வேடிக்கை. கோட்டைக்கு முதல் கல் வைத்தவர் ஆனந்தக் கோன் என்னும் இடையர் தலைவர் என்பது வழிவழியாக வரும் கதை. மலையில் ஆடு மேய்த்தபோது புதையல் கிடைத்தது, 1200 வாக்கில் கோட்டை எழுப்பினார் என்கிறார்கள். சி.எஸ்.சீனிவாசாச்சாரி 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்றிலும் இது வருகிறது. கோட்டைக் குன்றுகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் பெயர் அவர் வழிவந்த கிருஷ்ணக் கோனுடையது என்பார்கள். புதையல் கதையை நம்பவேண்டியதில்லை. ஆனால் ஒரு கோட்டையைத் தொடங்கிய பெருமையை இடையருக்குக் கொடுக்க இந்த ஊருக்குத் தோன்றியிருக்கிறதே, அதற்கு மந்தையும் மேய்ச்சலும் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

மேற்கே திருவண்ணாமலை, செங்கம் பக்கம் போனால் நடுகற்கள். ஆநிரை கவர்ந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவர்களுக்கு நட்டவை. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மன் காலத்தது. கள்வரைக் கடித்துக் காவலிருந்த கோவிவன் என்ற நாயின் பெயரையும் அதில் பொறித்திருக்கிறார்கள். மாட்டுக்காக உயிரைவிட்ட சமூகத்துக்கு மாடு மேய்ந்த நிலம் சும்மா கிடந்த இடமாக இருந்திருக்குமா? 1690 முதல் 1698 வரை மராத்திய மன்னர் ராஜாராமைச் செஞ்சிக்குள் முற்றுகையிட்ட மொகலாயப் படையின் குதிரைகளும் ஏதோ புல்லைத்தானே தின்றிருக்க வேண்டும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். மதிலுக்குக் காவல் கிடைத்துவிட்டது. மதிலுக்கு வெளியே உள்ள புல்வெளிக்கு இன்னும் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

பெயரில்லாத நிலத்துக்கு நல்லெண்ணமும் ஆபத்துதான். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடும் மரமும் சேர்ந்த பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 ஆக உயர்த்த விரும்புகிறது. வரப்பிலும் சாலையோரத்திலும் மரம் வைப்பதில் யாருக்கும் வழக்கில்லை. ஆனால் கன்று நட இடம் தேடும் கண் முதலில் புறம்போக்கில் போய் நிற்கும். இந்தப் புற்கள் வெயில் குடித்து வளர்பவை; நிழல் விழுந்தால் ஒடுங்கிவிடும். சேமிக்கும் கரியில் பெரும்பங்கை வேரில், மண்ணுக்கடியில் வைப்பவை. மேலே தெரியும் பச்சையை மட்டும் எண்ணினால் அது கணக்கில் வராது. பழனிமலையில் சீகையும் தைலமும் பைனும் நட்டு, விவசாயமும் சேர்ந்து, நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கைத் தொலைத்த பாடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

ஆரோவில்லைக் காட்டி என்னை மடக்கலாம். 1968க்குப் பிறகு, மண் அரித்துச் செம்மண் ஓடைகளாகக் கிடந்த மேட்டில் அவர்கள் காடு வளர்த்தது உண்மை, நல்ல வேலை. அங்கே முன்பு இருந்த காடு அழிந்திருந்தது. செஞ்சிக் குன்றுகளிலும் வெட்டப்பட்ட காடுகள் உண்டு, அங்கே மரம் திரும்பட்டும். ஓரிடத்தில் முன்பு என்ன இருந்தது என்று பார்க்காமல் எங்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

வளத்திக்கு இந்தப் பக்கம் ஒரு மேய்ச்சல்காரப் பெண்மணியோடு பேசிக்கொண்டிருந்தேன். முப்பது செம்மறி, நாலைந்து வெள்ளாடு. மரம் நடுவதைப் பற்றிக் கேட்டேன். “கன்னு வச்சா வேலி போட்டுருவாங்க. அது பெருசாவுற வரைக்கும் உள்ள வுட மாட்டாங்க. ஆடு அதுவரைக்கும் என்னாத்தத் தின்னும் சார்?” என்றார். பதில் தெரியாமல் குனிந்தபோது என் செருப்புக்கு ஒரு முழம் தள்ளிச் சரளையில் நாலு முட்டை. மஞ்சள்மூக்கு ஆள்காட்டியுடையது. கூடு என்று எதுவும் இல்லை. லேசான பள்ளம், விளிம்பில் ஆட்டுப் புழுக்கையும் கூழாங்கல்லும். முட்டையும் அதே நிறம். அவர் கோலை நீட்டி ஆடுகளைச் சுற்றுவழியில் திருப்பினார். அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

மேய்ச்சலும் குற்றமற்றதில்லை. சீமைக்கருவேலக் காயைத் தின்று சாணத்தில் விதை பரப்புவதும் ஆடுமாடுதான். ஆளில்லாமல் ஒரே தரையைத் திரும்பத் திரும்பக் கரம்பினால் புல்லும் மிஞ்சாது. ஆனால் புல்லின் குருத்து தரையை ஒட்டி இருப்பதால், இடைவெளி விட்டு மேய்த்தால் அது திரும்பத் தழைக்கும். கொங்கு நாட்டில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள் இதை எவரிடமும் கற்கவில்லை. முள்கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேலையும் ஒன்றாக வளர்த்து, மாட்டை முறைவைத்து மாற்றுகிறார்கள். அது பட்டா நிலம் என்பதால் பிழைத்தது. இங்கே பொதுநிலம், எல்லோருக்கும் சொந்தம், கேட்க ஆளில்லை.

சட்டம் கைவிட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. செஞ்சிக்கு இதெல்லாம் எந்த வழியாக வந்துசேரும் என்று யோசித்தால் எனக்குத் தெரிவது கிராம சபைதான். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு இருக்கிறது. அதில் மேய்க்கால் எது, மந்தைவெளி எது என்று சர்வே எண்ணோடு இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அந்த எண்களை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு, கையோடு போய் அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துவரலாம். ஆடு மேய்ப்பவர்களையும் கூடவே அழைத்துப் போகவேண்டும். எல்லைக்கல் எங்கே இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.